பழைய டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி எடுக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"போர்ட் போயிடுச்சு, போர்டு மாத்தணும்" என்று சர்வீஸுக்கு வரும் பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு மதர்போர்டில் ஒன்றும் ஆகியிருக்காது. முன்பக்க ஒயர் தளர்ந்திருக்கும், கேபிள் உள்ளே அறுந்திருக்கும், இல்லாவிட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் சொந்த நிரல்) ஏதோ ஒரு செட்டிங் மாறியிருக்கும்.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், டியூஷன் சென்டர், வீடு என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஜி31, ஜி41, எச்61 சிப்செட் (போர்டின் முதன்மைச் சிப்) உள்ள போர்டுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அவற்றில் விண்டோஸ் 7 அல்லது 10 இருக்கும், சிலவற்றில் எக்ஸ்பி கூட. உங்கள் கணினியில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், காசு கேட்கும் வேலை கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

கேபினெட்டின் பின்பக்கம் போங்கள். லேன் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. எக்ஸ்டென்ஷன் ஒயர், ஹப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தகராறு செய்யும் சாதனத்தை அங்கே நேராகச் செருகிப் பாருங்கள்.

அடுத்து, ஒயர் உள்ள சாதாரண ஆப்டிகல் மவுஸ் ஒன்றை எடுத்துச் சந்தேகப்படும் போர்ட்டில் செருகுங்கள். இதைவிட மலிவான டெஸ்டர் கிடையாது. அடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் 5 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அம்புக்குறியும் நகர்ந்தால் டேட்டா ஒயர்களும் சரி. விளக்கு எரிந்து அம்பு நகராவிட்டால் கோளாறு டிரைவரில் (சாதனத்தை விண்டோஸுக்குப் புரியவைக்கும் நிரல்) அல்லது டேட்டா ஒயரில். விளக்கே இல்லை என்றால் மின்சாரம்.

மூன்றாவது, தகராறு செய்யும் சாதனத்தை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் எடுக்காவிட்டால் உங்கள் கணினியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றி, வேலை செய்துவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அறிகுறி 1: முன்பக்கப் போர்ட்டில் மட்டும் எடுக்கவில்லை

அடிக்கடி வருகிற புகார் இதுதான். எளிதில் தீர்வதும் இதுதான்.

டார்ச் அடித்துப் போர்ட்டின் உள்ளே பாருங்கள். வெள்ளை அல்லது கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு ஒன்று தெரியும், அதன் மேல் நான்கு பித்தளை நிறப் பட்டைகள். நாக்கு உடைந்திருந்தாலோ, ஏதாவது ஒரு பட்டை வளைந்து பக்கத்து உலோகக் கூட்டைத் தொட்டாலோ அந்தப் போர்ட்டை இனிமேல் தொடாதீர்கள். அறிகுறி 3-க்குப் போங்கள். வெறும் தூசி என்றால் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். பட்டைகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இந்தக் களிம்பு சீக்கிரமே வந்துவிடும். குண்டூசி, ஹேர்பின் எதையும் உள்ளே விட வேண்டாம்.

*சுத்தம் செய்தும் எடுக்கவில்லை என்றால்:* பக்கவாட்டுக் கதவைக் கழற்றுங்கள். முன்பக்கத்திலிருந்து வரும் ஒயர் போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது ஊசிகள் உள்ள ஒரு கனெக்டரில் போய் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் எஃப்-யுஎஸ்பி, ஜேயுஎஸ்பி என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். ரேம் மாற்றும்போதோ ஃபேன் துடைக்கும்போதோ கை பட்டு இது பாதி கழன்றிருப்பது சகஜம். கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். பக்கத்தில் இன்னொரு யுஎஸ்பி கனெக்டர் காலியாக இருந்தால் அதில் மாற்றிப் போட்டும் பார்க்கலாம்.

இங்கே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பத்து ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூலையில் ஊசி இருக்காது. ஒயரின் தலையிலும் அந்த ஓட்டை அடைத்திருக்கும். அடைப்பும் காலி இடமும் நேருக்கு நேர் வர வேண்டும். பழைய மலிவுக் கேபினெட்டுகளில் ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாகப் பிரிந்து வரும். அவற்றில் தலைமாற்றிச் செருகினால் 5 வோல்ட் நேராகக் கிரவுண்டுக்குப் போய்விடும். சிவப்பு 5 வோல்ட், வெள்ளை, பச்சை டேட்டா, கறுப்பு கிரவுண்ட் என்பது வழக்கமான நிறம். ஆனால் மலிவு ஒயர்களில் நிறத்தை நம்ப முடியாது. தலையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். 2000-களில் வந்த சில போர்டுகளில் ஃபயர்வயர் எனப்படும் 1394 கனெக்டர் பார்க்க அச்சு அசல் யுஎஸ்பி கனெக்டர் மாதிரியே இருக்கும், காலி ஊசி உள்பட. அதில் 12 வோல்ட் வரும். யுஎஸ்பி ஒயரை அதில் செருகிவிட்டுப் பென்டிரைவ் போட்டால் பென்டிரைவ் அன்றோடு சரி. பக்கத்தில் 1394 என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

*ஒயர் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால்:* கேபினெட்டின் முன்பக்கச் சின்ன போர்டு போய்விட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம். போர்டின் காலி கனெக்டரிலிருந்து பின்பக்கம் கொண்டுவரும் யுஎஸ்பி பிராக்கெட் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கணினிக் கடைகளிலும் ஒன்றிரண்டு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பின்பக்கம் குனிய முடியாது என்பவர்களுக்குப் பின்போர்ட்டிலிருந்து மேஜைக்கு ஒரு மீட்டர் நல்ல எக்ஸ்டென்ஷன் ஒயர் போதும்.

அறிகுறி 2: முன், பின் எந்தப் போர்ட்டிலும் எதுவுமே எடுக்கவில்லை

முதலில் கணினியை அணையுங்கள். எல்லா யுஎஸ்பி சாதனங்களையும் பிடுங்குங்கள். சுவர் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து மவுஸை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். போர்ட்டுக்குப் பக்கத்தில் தானாக மீளும் ஃபியூஸ் ஒன்று இருக்கும். கூடுதல் மின்சாரம் இழுக்கப்பட்டால் அது சூடாகி வழியை அடைத்துவிடும், ஆறினால் மறுபடி விடும். மின்னல், கரண்ட் கட் என்று போன மறுநாள் வரும் புகார்களில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும்.

*அதற்கும் மசியவில்லை என்றால்* ஒரு பிஎஸ்/2 கீபோர்டு தேடி எடுங்கள். வட்டமான ஊதா நிற பிளக். பழைய கணினி வைத்திருப்பவர் ஒன்றைப் பரணில் போட்டுவைப்பது நல்லது. அணைத்திருக்கும்போதுதான் அதைச் செருக வேண்டும், ஓடும்போது அல்ல. ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டிப் பயாஸுக்குள் போங்கள். யுஎஸ்பி கண்ட்ரோலர், லெகசி யுஎஸ்பி சப்போர்ட் இரண்டும் எனேபிள் என்று இருக்கிறதா பாருங்கள். தேதி, நேரத்தையும் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பயாஸ் செட்டிங் அழிந்து பழையபடி ஆகும். புது பேட்டரி போட்டுவிட்டு லோடு டீஃபால்ட்ஸ் கொடுத்துச் சேமியுங்கள்.

பயாஸில் இருக்கும்போதே யுஎஸ்பி கீபோர்டையும் செருகிப் பாருங்கள். இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது.

*பயாஸில் வேலை செய்கிறது, விண்டோஸில் இல்லை:* ஹார்டுவேர் நலம். டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டர் ஐகானில் வலது கிளிக், மேனேஜ்) யுனிவர்சல் சீரியல் பஸ் கண்ட்ரோலர்ஸ் என்பதை விரித்து, மஞ்சள் ஆச்சரியக்குறி உள்ளவற்றை முதலில் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் உள்ளே இருக்கும் கண்ட்ரோலர் எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யலாம். விண்டோஸ் திரும்ப வரும்போது தானே போட்டுக்கொள்ளும். ஆனால் யுஎஸ்பி மவுஸ், கீபோர்டு மட்டுமே வைத்துக்கொண்டு இதைச் செய்தால் பாதியிலேயே இரண்டும் செத்துவிடும். பிஎஸ்/2 கீபோர்டு செருகியிருக்கும்போது செய்யுங்கள். அதன் பிறகும் ஆச்சரியக்குறி போகாவிட்டால் போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவர்.

நீல நிறப் போர்ட்டில் மட்டும் எடுக்கவில்லை, விண்டோஸ் 7 என்றால் அது கோளாறே அல்ல. விண்டோஸ் 7 வந்தபோது அதற்குள் யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. தனியாகப் போட வேண்டும். எச்61 சிப்செட்டிலேயே 3.0 இல்லை, அந்தப் போர்டில் நீலப் போர்ட் இருந்தால் தனிச் சிப் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சிப்புக்கான டிரைவரைத்தான் தேட வேண்டும். விண்டோஸ் 10-இல் பெரும்பாலும் இந்தத் தலைவலி இல்லை.

*பயாஸிலும் இல்லை:* மின்சாரத்தைப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால், டிவிடி டிரைவுக்குப் போகும் நான்கு ஓட்டை பிளக்கில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்ற வேண்டியதுதான். மாற்ற வேண்டும் என்றுதான் சொன்னேன், திறக்க அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்குச் சார்ஜ் இருக்கலாம். யுஎஸ்பி போர்ட்டுக்குள்ளேயே மீட்டர் முனையை விடுவதும் வேண்டாம். கொஞ்சம் வழுக்கினால் ஷார்ட்.

சில போர்டுகளில் பின்போர்ட்டுக்குப் பக்கத்தில் யுஎஸ்பிபிடபிள்யூ என்று மூன்று ஊசி ஜம்பர் ஒன்று இருக்கும். மூடி கழன்று விழுந்திருந்தால் அந்த வரிசைப் போர்ட்டுகளுக்கு மின்சாரமே வராது. அதே சமயம் போர்ட்டைச் சுற்றியுள்ள உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது வழிந்திருந்தாலோ அது சால்டரிங் தெரிந்தவர் வேலை. அந்தக் காலப் போர்டுகளுக்கு இது பழகிய நோய்.

*எஸ்எம்பிஎஸ் சரி, ஜம்பர் சரி, கெப்பாசிட்டர் சரி, ஆனாலும் பயாஸில் யுஎஸ்பி இல்லை என்றால்* சிப்செட்டின் யுஎஸ்பி பகுதி போயிருக்கலாம். அப்போதும் போர்டை மாற்ற அவசரப்பட வேண்டாம். காலி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் யுஎஸ்பி கார்டு ஒன்று போட்டால் கணினி இன்னும் சில வருடம் ஓடும். சில கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி பவர் ஒயர் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் "கார்டும் டம்மி" என்று திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு. பழைய கணினியில் இந்தக் கார்டிலிருந்து பூட் ஆகாமல் போகலாம், பயாஸில் கீபோர்டும் எடுக்காமல் போகலாம். அதற்குத்தான் அந்த பிஎஸ்/2 கீபோர்டு.

அறிகுறி 3: ஆன் செய்ததும் "ஓவர் கரண்ட்" என்று காட்டி 15 வினாடியில் அணைந்துவிடுகிறது

எங்கேயோ 5 வோல்ட் ஷார்ட் ஆகிறது. பயப்பட வேண்டாம், போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. விண்டோஸ் ஓடும்போது "பவர் சர்ஜ் ஆன் ஹப் போர்ட்" என்று வந்தாலும் இதே கதைதான்.

எல்லா யுஎஸ்பி சாதனங்களையும் கழற்றி ஆன் செய்யுங்கள். செய்தி போய்விட்டால் ஒவ்வொன்றாகச் செருகிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். ஒன்றும் செருகாமலேயே வந்தால், உள்ளே முன்பக்க யுஎஸ்பி ஒயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அநேகமாக இங்கே நின்றுவிடும். முன்பக்கப் போர்ட்டில் வளைந்த பட்டை உலோகக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். யாரோ பென்டிரைவைத் தலைகீழாக அழுத்திய வினை. ஒயரைக் கழற்றியபடியே விட்டுவிடுங்கள், பின்போர்ட்டை வைத்து ஓட்டிக்கொள்ளலாம்.

முன்பக்க ஒயரையும் கழற்றியாயிற்று, பின்பக்கப் போர்ட்டுகளிலும் பட்டைகள் நேராக இருக்கின்றன, ஆனாலும் அணைகிறது என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.

அறிகுறி 4: "யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு" என்று மூலையில் வருகிறது

மின்சாரம் போகிறது, பேச்சுவார்த்தை நடக்கவில்லை என்று பொருள். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து கோடு எண்ணைப் பாருங்கள்.

கோடு 28 என்றால் டிரைவரே இல்லை. சாதனத்தின் டிரைவரைப் போட்டால் முடிந்தது. கோடு 10 என்றால் டிரைவர் இருந்தும் சாதனம் தொடங்கவில்லை. அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள். கோடு 43 என்றால் சாதனம் தன்னை யாரென்று சரியாகச் சொல்லவில்லை. மூன்றில் இதுதான் தொல்லை பிடித்தது. வரிசையாகப் பாருங்கள்: கேபிளை மாற்றுவது, பின்போர்ட்டுக்கு மாறுவது, அறிகுறி 2-இல் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுவது, பழைய டிரைவர் பதிவை அன்இன்ஸ்டால் செய்வது. இத்தனைக்கும் பிறகு எல்லாக் கணினியிலும் அதே 43 வந்தால் சாதனம்தான் போய்விட்டது.

எக்ஸ்டென்ஷன் ஒயர் நீளத்தையும் யோசியுங்கள். யுஎஸ்பி 2.0-க்குக் கேபிள் மொத்தம் 5 மீட்டருக்குமேல் போகக் கூடாது. பிரிண்டரைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு மூன்று மீட்டரும் மூன்று மீட்டருமாக ஒட்டுப்போட்டால், ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது.

கோளாறு விண்டோஸிலா போர்டிலா என்று தீர்மானமாகத் தெரிய வேண்டுமானால் லினக்ஸ் மின்ட் மாதிரி ஏதாவதொரு லைவ் டிவிடியை (இன்ஸ்டால் செய்யாமல் டிவிடியிலிருந்தே ஓடும் இயங்குதளம்) போட்டு பூட் செய்யுங்கள். டிவிடி என்று சொல்லக் காரணம், யுஎஸ்பியே ஓடாத கணினியில் பென்டிரைவிலிருந்து பூட் செய்வது எப்படி? அங்கே பென்டிரைவ் அழகாகத் திறந்தால் விண்டோஸைப் பழுது பார்த்தால் போதும். அங்கேயும் எடுக்கவில்லை என்றால் ஃபார்மேட் அடித்துப் புது விண்டோஸ் போடுவது வீண் வேலை. இந்தச் சோதனையைச் செய்யாமலேயே "விண்டோஸ் போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லும் கடையில் கணினியை விடாதீர்கள்.

அறிகுறி 5: செருகியதும் சத்தம் வருகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் டிரைவ் தெரியவில்லை

கம்ப்யூட்டர் ஐகானில் வலது கிளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். பென்டிரைவ் அங்கே எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்து அடுத்த வேலை.

*பெயரும் அளவும் தெரிகிறது, எழுத்து இல்லை:* அதன்மேல் வலது கிளிக் செய்து டிரைவ் லெட்டர் மாற்றும் இடத்தில் ஒரு புது எழுத்து கொடுங்கள். நெட்வொர்க் டிரைவ் வைத்திருக்கும் அலுவலகக் கணினிகளில், முக்கியமாக எக்ஸ்பியில், ஒரே எழுத்துக்கு இரண்டு டிரைவ் போட்டிபோடும். நெட்வொர்க் டிரைவ் எதுவும் எடுத்துக்கொள்ளாத எழுத்தாகப் பார்த்துக் கொடுத்தால் பிரச்சினை இல்லை.

*ரா (விண்டோஸால் படிக்க முடியாத வடிவம்) என்று தெரிகிறது, "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கிறது:* வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே கோப்புகள் இருக்கலாம். மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மேட் செய்த டிஸ்க்கையும் விண்டோஸ் இப்படித்தான் கேட்கும். எக்ஸ்பி என்றால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த புது பென்டிரைவையும் இப்படிக் கேட்கும். அதற்குத் தனி அப்டேட் போட வேண்டும். புதிய கணினியில் திறந்து கோப்புகளை எடுத்துவிட்டு, ஃபேட்32 ஆக மாற்றிக்கொள்வது எளிது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

*நோ மீடியா என்கிறது, அல்லது அளவு சுழியம்:* பெரும்பாலும் பென்டிரைவின் நினைவகச் சிப்போ அதை இயக்கும் சிப்போ போய்விட்டது. வீட்டில் செய்ய வழியில்லை. உள்ளே கல்யாண போட்டோ, கணக்கு வழக்கு என்று முக்கியமானது ஏதாவது இருந்தால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும், போவதற்கு முன் இலவச சாப்ட்வேர்களைப் போட்டுக் கிண்டாமல்.

*மவுஸ், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் எடுக்கிறது, பென்டிரைவ் மட்டும் எதுவுமே எடுக்கவில்லை:* கணினியை செகண்ட் ஹாண்டாக வாங்கினீர்களா? பெரிய கம்பெனிகளிலிருந்து கழித்துவிடப்பட்ட டெஸ்க்டாப்புகளில் தகவல் திருட்டுக்குப் பயந்து பென்டிரைவைப் பூட்டியிருப்பார்கள். விண்டோஸின் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் (ரெஜ்எடிட் என்று தட்டினால் திறக்கும்) சர்வீசஸ் என்பதற்குள் யுஎஸ்பிஸ்டோர் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் ஸ்டார்ட் மதிப்பு 4 என்று இருந்தால் பூட்டியிருக்கிறது. 3 ஆக்கினால் திறந்துவிடும். பயாஸிலேயே பூட்டி பாஸ்வேர்டும் போட்டிருந்தால் விற்றவரிடமே கொண்டுபோய்த் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் இப்போது வேலை செய்யும் அலுவலகத்தின் கணினி என்றால் கை வைக்காதீர்கள், அது உங்கள் சிஸ்டம் அட்மினுக்கும் உங்களுக்கும் உள்ள பஞ்சாயத்து.

அறிகுறி 6: பென்டிரைவ் திறக்கிறது, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கிறது

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவுக்கு வரும் வைரஸ். கோப்புகள் போகவில்லை, மறைத்துவைக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஷார்ட்கட்டையும் கிளிக் செய்யாமல் முதலில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தேர்ந்து, "ஹைடு புரொடக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதன் டிக்கை எடுத்துவிட்டால் உண்மையான ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். அவற்றைக் கணினிக்குக் காப்பி செய்துவிட்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். பென்டிரைவைச் சுத்தம் செய்துவிட்டுக் கணினியை விட்டுவிட்டால் அடுத்த பென்டிரைவுக்கும் ஏறும்.

அறிகுறி 7: எடுக்கிறது, நடுநடுவே விட்டுப்போகிறது

வெளி ஹார்டு டிஸ்க் என்றால் முதல் சந்தேகம் மின்சாரம்தான். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்றுக்கு 500 மில்லி ஆம்பியர் என்பதுதான் கணக்கு, 3.0 போர்ட்டுக்கு 900. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும். டிக் டிக் என்று சத்தம் கேட்டுச் சுழற்சி நின்று நின்று தொடங்கினால் முன்போர்ட்டிலிருந்து பின்போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஒட்டுப்போட்ட நீளமான ஒயரை எடுத்துவிட்டு டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளைப் பயன்படுத்துங்கள். அடுத்தது, இரண்டு போர்ட்டில் செருகும் ஒய் கேபிள் அல்லது அடாப்டர் உள்ள ஹப். நல்ல பின்போர்ட்டிலும், வேறு கணினியிலும் அதே டிக் டிக் கேட்டால் டிஸ்க் சாகப்போகிறது. உடனே நிறுத்திவிடுங்கள், ஒவ்வொரு முறை ஓட்டுவதும் உள்ளே உள்ளதை மேலும் கெடுக்கும்.

மவுஸ், கைரேகைக் கருவி, வைஃபை டாங்கிள் போன்றவை கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் தூங்கிவிட்டால் விண்டோஸின் மின் சேமிப்பு வேலை. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் டிசேபிள் செய்யுங்கள். ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையக் கணினிகளில் இதை முதல் நாளே செய்து வைத்துவிடுவது என் வழக்கம். அங்கே மாதம் சில யூனிட் மிச்சமாவதைவிட வரிசையில் நிற்பவர் முன்னால் கருவி நின்றுபோகாமல் இருப்பது முக்கியம்.

ஒயர்லெஸ் மவுஸ் மட்டும் தாவித் தாவிப் போகிறது, அதுவும் வெளி ஹார்டு டிஸ்க் ஓடும்போது மட்டும் என்றால் வேறு காரணம். யுஎஸ்பி 3.0 கேபிளும் போர்ட்டும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. ஒயர்லெஸ் மவுஸும் அதே அலைவரிசைதான். மவுஸ் ரிசீவரை நீலப் போர்ட் பக்கத்திலிருந்து எடுத்து, சின்ன எக்ஸ்டென்ஷனில் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தால் தீர்ந்தது.

அறிகுறி 8: பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்

பிரிண்டரை வேறு போர்ட்டில் செருகியதும் அதே பெயரில் "காப்பி 1" என்று இன்னொரு பிரிண்டர் முளைக்கும். பழைய பெயருக்குப் பிரிண்ட் கொடுத்தால் வராது, ஏனென்றால் அது இன்னும் பழைய போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய போர்ட்டிலேயே செருகுங்கள்; அல்லது பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தில் யுஎஸ்பி001-க்குப் பதில் 002, 003 என்று மாற்றிப் பாருங்கள். "யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்" டிக் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பிரிண்டர் என்றால் டிரைவர் போடும் நிரல் கேட்ட பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும்.

கைரேகைக் கருவியில் விளக்கு எரிந்தும் "டிவைஸ் நாட் ரெடி" என்றால் பெரும்பாலும் யுஎஸ்பியில் கோளாறு இல்லை. ஆதார் சரிபார்ப்புக்காகக் கருவியோடு வரும் ஆர்டி சர்வீஸ் என்ற நிரல் ஓடவில்லை. விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் அதைத் தேடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹப்பில் செருகாமல் பின்போர்ட்டில் நேராகக் கொடுங்கள். ஆடிட்டர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எடுக்கவில்லை என்றால் அதன் டிரைவரோடு ஸ்மார்ட் கார்டு சர்வீஸ் ஓடுகிறதா என்றும் பாருங்கள். "விண்டோஸை வேகமாக்குகிறேன்" என்று யாராவது தேவையில்லாத சர்வீஸ்களை நிறுத்தியிருந்தால் முதலில் அடிபடுவது இதுதான். இவற்றில் சர்வீஸ் ஓடியும் வேலை ஆகவில்லை என்றால் கருவி விற்றவரைக் கூப்பிடுங்கள். பதிவு காலாவதி ஆகியிருக்கலாம், அதைக் கணினிக்காரர் சரிசெய்ய முடியாது.

அறிகுறி 9: போன் சார்ஜ் ஏறுகிறது, கோப்பு தெரியவில்லை

கேபிளை மாற்றுங்கள். சார்ஜருக்கென்றே வரும் சில மலிவுக் கேபிள்களில் டேட்டா ஒயரே இருக்காது. கேபிள் சரி என்றால் போனின் அறிவிப்புத் திரையை இழுத்து, "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பி என்றால் விண்டோஸ் மீடியா பிளேயர் 11 போட்டிருக்க வேண்டும்.

அறிகுறி 10: காப்பி ஆக மணிக்கணக்காகிறது

"இந்தச் சாதனம் இன்னும் வேகமாக ஓடும்" என்று விண்டோஸ் சொன்னால் போர்ட் பழைய 1.1 வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 1 எம்பிதான். 4 ஜிபி படம் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல். 2.0-இல் அதே படம் இரண்டு மூன்று நிமிடம். பயாஸில் யுஎஸ்பி 2.0 கண்ட்ரோலர் மோடு ஃபுல் ஸ்பீடு என்று இருந்தால் ஹை ஸ்பீடு ஆக்குங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஃபுல் ஸ்பீடுதான் மெதுவானது. பயாஸ் சரியாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் என்ஹான்ஸ்டு ஹோஸ்ட் கண்ட்ரோலர் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சிப்செட் டிரைவர்.

அறிகுறி 11: கேபிளைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, செருகும்போது பொறி வருகிறது

இதைப் பலர் "லேசாத்தான் அடிக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். போர்ட்டுகளும் பிரிண்டர்களும் திரும்பத் திரும்பச் சாகும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிக்கும் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். சுவரில் எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கும், 230 வோல்ட் வீட்டில் சுமார் அதன் பாதி. டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும். எர்த் உள்ள வேறு பாயின்டிலிருந்து வரும் பிரிண்டரை இந்தக் கணினியோடு இணைக்கும் அந்த நொடியில் போர்ட் அடிவாங்குகிறது.

ஸ்குரூ டிரைவர் டெஸ்டரைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத ஸ்குரூவில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் கணினியை அணைத்து, பவர் கேபிளின் மூன்றாவது ஊசி உடைந்திருக்கிறதா, டூ பின் அடாப்டரோ எர்த் இல்லாத ஜங்ஷன் பாக்ஸோ இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தும் எரிந்தால் கணினிக்காரரை அல்ல, வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் பாயின்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை கணினி, மானிட்டர், பிரிண்டர் மூன்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகி, எல்லாம் அணைந்திருக்கும்போது மட்டும் யுஎஸ்பி கேபிளைச் செருகுங்கள், பிடுங்குங்கள்.

கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால்

எந்தப் போர்ட்டில் எந்தச் சாதனம் எடுத்தது, எடுக்கவில்லை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கேபினெட்டில் ஒட்டிவிடுங்கள். டிவைஸ் மேனேஜர் செய்தியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை முன்பே வேறெங்காவது காப்பி செய்துவிடுங்கள். யுஎஸ்பி எடுக்காவிட்டால் லேன் வழியாகவோ டிவிடியிலோ. போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், "யுஎஸ்பி கார்டு போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். போர்டு மாற்றினால் ப்ராசசரும் ரேமும் அதோடு பொருந்துமா, எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்றும் கேட்டு, அதே விலைக்குக் கிடைக்கும் செகண்ட் ஹாண்ட் கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு தலையாட்டுங்கள்.